மென் எக்ஸ்-கதிர் உமிழ்வு நிறமாலை: ஓர் எளிய அறிமுகம்

கிராஃபைட்டும் வைரமும் கார்பன் என்ற ஒரே தனிமத்தால் ஆனவை. ஒன்று காகிதத்தில் தேய்த்தாலே உதிரும். மற்றொன்று கண்ணாடியை அறுக்கும். இவ்விரண்டின் சிறு துணுக்குகளையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வுக் கருவியால் பார்த்தால், வெளிவரும் எக்ஸ்-கதிர்களின் ஆற்றல் வரைபடத்தில் இரண்டுக்கும் 277 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் ஒரு சிற்றலகு) அருகே ஒரே மாதிரியான ஒற்றை முகடு தோன்றும். இது கார்பன் என்று கருவி சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

அந்த முகட்டைப் போதிய நுணுக்கத்தோடு விரித்துப் பார்க்க முடிந்தால், வைரத்துக்கு ஒரு வடிவமும் கிராஃபைட்டுக்கு வேறொரு வடிவமும் உள்ளே ஒளிந்திருப்பது தெரியவரும். அவ்வாறு விரித்துக் காட்டும் முறைதான் மென் எக்ஸ்-கதிர் உமிழ்வு நிறமாலையியல். பெயர் நீளமாக இருந்தாலும் அதன் அடிப்படைக் கருத்து எளிமையானது. அணுவின் கூடுகளைப் பற்றிப் பள்ளியில் படித்த எவராலும் புரிந்துகொள்ளக் கூடியது. கருத்தைக் கருவியாக்குவதில்தான் பெரும்பாடு இருந்தது. அது ஏன் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

உள்கூட்டில் ஒரு காலியிடம்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில், ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றை மாதிரியின் மீது மிக நுண்ணிய புள்ளியாகக் குவிக்கப்படுகிறது. கற்றையில் வரும் எலக்ட்ரான்களில் சில, மாதிரியில் உள்ள அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானை அடித்து வெளியேற்றிவிடும். உட்கருவுக்கு மிக அருகில் இருப்பது கே கூடு, அடுத்தது எல் கூடு, அதற்கும் அடுத்தது எம் கூடு. உள்கூட்டில் ஏற்பட்ட காலியிடம் நெடுநேரம் நிலைக்காது. மேல் மட்டத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் இறங்கி வந்து அதை நிரப்பும். அப்போது இரு மட்டங்களுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு எப்படியாவது வெளியேறியாக வேண்டும். அது வெளியேறும் வழிகளில் ஒன்று எக்ஸ்-கதிர் ஃபோட்டான்.

கூடுகளின் ஆற்றல் மட்டங்கள் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடுவதால், வெளிவரும் ஃபோட்டானின் ஆற்றலைக் கொண்டு தனிமத்தை அடையாளம் காணலாம். அணு எண் கூடக் கூட இந்த எக்ஸ்-கதிர்களின் அதிர்வெண் ஓர் ஒழுங்கோடு ஏறுகிறது என்பதை ஹென்றி மோஸ்லி 1913-இல் கண்டறிந்தார். மிக நுண்ணிய எலக்ட்ரான் கற்றையை ஏவி, ஒரு பொருளின் குறிப்பிட்ட புள்ளியில் என்ன தனிமம் இருக்கிறது என்று அறியும் முறையை ரேமோன் காஸ்டேன் 1951-இல் பாரிஸில் சமர்ப்பித்த தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முறைப்படுத்தினார். இன்று எலக்ட்ரான் நுண்ணோக்கிகளில் இணைக்கப்பட்டிருக்கும் பகுப்பாய்வுக் கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

இரும்பை எடுத்துக்கொள்வோம். அதன் கே கூட்டில் காலியிடம் ஏற்பட்டு, எல் கூட்டு எலக்ட்ரான் இறங்கி அதை நிரப்பினால், சுமார் 6,400 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர் வெளிவரும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலியிடம் இருந்த கே கூடும், எலக்ட்ரான் புறப்பட்ட எல் கூடும் அணுவின் ஆழத்தில் இருப்பவை. பக்கத்து அணு ஆக்சிஜனா, கந்தகமா, இன்னொரு இரும்பா என்பது அவற்றை ஏறக்குறைய எட்டுவதே இல்லை. ஆகவே பளபளக்கும் இரும்பும், அதன் மேல் படிந்த துருவும் வழக்கமான கருவியில் 6,400 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரே முகட்டைத்தான் தரும். தனிமத்தை அடையாளம் காண்பதற்கு இந்த மாறாத்தன்மை பெரிய வசதி. பிணைப்பைப் பற்றி அறிய விரும்புபவருக்கோ இதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போது சிலிக்கனுக்கு வருவோம். சிலிக்கனின் கே காலியிடத்தை எல் எலக்ட்ரான் நிரப்பும்போது 1,740 எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-கதிர் வரும். இதுவும் இரும்பைப் போலவே அணுவுக்குள் நடந்து முடிந்துவிடும் நிகழ்ச்சி. ஆனால் அதே சிலிக்கன் அணுவின் எல் கூட்டில் காலியிடம் ஏற்பட்டால் அதை நிரப்ப வருவது எம் கூட்டு எலக்ட்ரான். சிலிக்கனில் எம் கூடுதான் வெளிக்கூடு. பக்கத்து அணுக்களோடு கைகோத்துப் பிணைப்பை உண்டாக்குபவை அங்கிருக்கும் நான்கு எலக்ட்ரான்களே. அவற்றில் ஒன்று இறங்கி வரும்போது சுமார் 92 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஒரு ஃபோட்டான் வெளிவருகிறது. 1,740-இல் வரும் கதிர் 'நான் சிலிக்கன்' என்று மட்டும் சொல்கிறது. 92-க்கு அருகில் வரும் கதிரோ, அந்தச் சிலிக்கன் யாரோடு, எவ்வாறு பிணைந்திருக்கிறது என்ற செய்தியையும் சுமந்து வருகிறது.

பட்டையின் வடிவம் நிறமாலையில் எப்படி வருகிறது?

தனித்த ஓர் அணுவில் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களில் மட்டுமே இருக்கும். கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்து திண்மமாகும்போது, உள்கூட்டு மட்டங்கள் அப்படியே கூர்மையாக இருக்க, வெளிக்கூட்டு மட்டங்கள் மட்டும் ஒன்றோடொன்று கலந்து அகன்று ஒரு பட்டையாகிவிடுகின்றன. பிணைப்பு எலக்ட்ரான்கள் நிறைந்த இந்தப் பட்டையை இணைதிறன் பட்டை என்கிறோம். அதன் அகலம் பொதுவாகச் சில எலக்ட்ரான் வோல்ட் முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும்.

படிக்கட்டின் ஒரே படியிலிருந்து விழும் பந்துகள் எல்லாம் ஒரே வேகத்தில் தரையைத் தொடும். அவ்வாறன்றி, ஒரு சாய்தளம் முழுவதும் பந்துகளைப் பரப்பி வைத்து, அவற்றை அங்கங்கிருந்தே நேராகக் கீழே விழவிட்டால் வேகங்கள் பலவாக இருக்கும். எந்த வேகத்தில் எத்தனை பந்துகள் வந்தன என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், சாய்தளத்தை நேரில் பார்க்காமலேயே எந்த உயரத்தில் எத்தனை பந்துகள் இருந்தன என்று சொல்லிவிடலாம். மென் எக்ஸ்-கதிர் நிறமாலை செய்வது இந்தக் கணக்கைத்தான். தரை என்பது உள்கூட்டுக் காலியிடம். சாய்தளம் என்பது இணைதிறன் பட்டை. பந்தின் வேகம் என்பது ஃபோட்டானின் ஆற்றல். பட்டையின் எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் குடியிருக்கின்றன என்பதை இயற்பியலார் நிலை அடர்த்தி என்பார்கள். அந்த நிலை அடர்த்தியின் சாயல் நிறமாலையில் பதிவாகிவிடுகிறது.

சாயல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாப் பந்துகளுக்கும் விழ அனுமதி இல்லை. எலக்ட்ரான் இறங்கும்போது அதன் சுற்றுப்பாதைக் கோண உந்தத்தின் குவாண்டம் எண் ஒன்று கூடவோ ஒன்று குறையவோ வேண்டும் என்ற தேர்வு விதி இருக்கிறது. அந்த எண் 0, 1, 2 உள்ள நிலைகளை முறையே எஸ், பி, டி என்று அழைப்பார்கள். கே காலியிடம் எஸ் வகையைச் சேர்ந்ததாகையால், பட்டையில் பி தன்மையுள்ள எலக்ட்ரான்கள் மட்டுமே அதில் இறங்கலாம். எல் கூட்டின் பி வகைக் காலியிடத்துக்கு எஸ் தன்மையும் டி தன்மையும் உள்ளவை வரலாம். ஆகவே ஒரே பொருளின் இணைதிறன் பட்டையைக் கே உமிழ்வில் பார்த்தால் ஒரு பாதி தெரியும், எல் உமிழ்வில் பார்த்தால் மற்றொரு பாதி தெரியும். தொடக்கத்தில் இதை ஒரு குறையாகவே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் இது ஒரு சலுகை. பட்டையின் பகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் முறைகள் அதிகம் இல்லை.

இதை அருகில் நின்று பார்ப்பதற்கு அலுமினிய உலோகத்தை விடச் சிறந்த மாதிரி கிடையாது. அதன் எல் உமிழ்வு நிறமாலையை இடமிருந்து வலமாக, குறைந்த ஆற்றலிலிருந்து படித்துக்கொண்டு போனால், 60 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் வளைகோடு மெல்ல எழும்பத் தொடங்கும். படிப்படியாக உயர்ந்து, 73 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று முன் உச்சியை அடையும். பிறகு மலைச்சரிவு முடிந்து செங்குத்துப் பாறை தொடங்கியதைப் போல ஒரே வீழ்ச்சியாக அடித்தளத்துக்கு வந்துவிடும். அந்தச் செங்குத்து வீழ்ச்சி இருக்கும் இடம்தான் ஃபெர்மி மட்டம். உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச வரம்பு அது. அதற்கு மேலே இறங்கி வருவதற்கு எலக்ட்ரான்களே இல்லை. மெல்ல எழும்பும் இடத்துக்கும் வீழ்ச்சிக்கும் இடையிலான சுமார் 12 எலக்ட்ரான் வோல்ட் தொலைவு, அலுமினியத்தின் கட்டுறா எலக்ட்ரான்கள் நிரப்பியிருக்கும் பட்டையின் ஆழம். குவாண்டம் கொள்கை கணக்கிட்டுச் சொன்ன ஃபெர்மி ஆற்றலை ஒரு வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்துவிட முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அதே அலுமினியம் ஆக்சைடானால் இந்தப் பாறை மறைந்துவிடும். ஆக்சைடு மின்கடத்தாப் பொருள். பட்டையின் உச்சிக்கும் அடுத்த காலிப் பட்டைக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. எலக்ட்ரான்கள் ஆக்சிஜனின் பக்கம் இழுக்கப்பட்டிருக்கும். எனவே முகடு சில எலக்ட்ரான் வோல்ட் கீழே நகர்ந்து, கூர்மையான விளிம்பு இல்லாத மேடாக மாறுகிறது. இரண்டு வரைபடங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், எது உலோகம் எது ஆக்சைடு என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

கார்பனுக்குத் திரும்புவோம். வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு, இரு அணுக்களை நேர்கோட்டில் இணைக்கும் சிக்மா பிணைப்புகளால் மட்டும் கட்டுண்டிருக்கிறது. கிராஃபைட்டில் மூன்று அண்டைகளோடு சிக்மா பிணைப்பு. நான்காவது எலக்ட்ரான் தளத்துக்கு மேலும் கீழுமாகப் பரவிய பை பிணைப்பில் இருக்கிறது. பை எலக்ட்ரான்கள் பட்டையின் மேல்பகுதியில் இருப்பவை. ஆதலால் கிராஃபைட்டின் கார்பன் கே உமிழ்வில் முதன்மை முகட்டின் வலப்புறத்தில், உயர் ஆற்றல் பக்கத்தில், தோள்பட்டை போல ஒரு புடைப்பு காணப்படும். வைரத்தில் அந்தத் தோள் இல்லை. அதன் நிறமாலை வேறு வடிவத்தில் அகன்று கிடக்கும். சிலிக்கனும் இப்படித்தான்: படிகச் சிலிக்கனின் எல் உமிழ்வு இரண்டு தெளிவான மேடுகளைக் காட்டும், அதன் ஆக்சைடு முற்றிலும் வேறொரு வடிவத்தைக் காட்டும்.

இவை எவையும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஸ்கின்னர் என்ற பிரிட்டானிய இயற்பியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1930-களிலேயே லித்தியம், மெக்னீசியம், அலுமினியம் போன்ற இலேசான உலோகங்களின் மென் எக்ஸ்-கதிர் நிறமாலைகளைப் பதிவு செய்து, பட்டைக் கொள்கைக்குச் சோதனை வழியில் சான்று தந்துவிட்டார்கள். ஆனால் அவை தனிக் கருவிகளில், பெரிய மாதிரிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. நுண்ணோக்கியில் தெரியும் ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள துகளைச் சுட்டிக்காட்டி, 'இந்த இடத்தின் நிறமாலையைத் தா' என்று கேட்கும் வசதி வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஏன் இவ்வளவு தாமதம்?

அலைநீளத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். 1,240-ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைத்துவிடும். இரும்பின் 6,400 எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு அலைநீளம் 0.19 நானோமீட்டர், அணுக்களுக்கு இடையிலான தொலைவின் அளவு. சிலிக்கனின் 92 எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு 13.5 நானோமீட்டர். லித்தியத்தின் கே உமிழ்வு சுமார் 54 எலக்ட்ரான் வோல்ட். அதன் அலைநீளம் ஏறத்தாழ 23 நானோமீட்டர். இந்த 13.5 நானோமீட்டர் ஒளியைத்தான் மிக நுண்ணிய கணினிச் சில்லுகளை அச்சிடும் எந்திரங்கள் பயன்படுத்துகின்றன. அந்த எந்திரங்களும் முழுக்க வெற்றிடத்தில் இயங்க வேண்டியிருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: இந்தக் கதிர்களைக் காற்று விழுங்கிவிடும். மென் எக்ஸ்-கதிர் என்ற பெயரே இந்த ஊடுருவும் வலிமைக் குறைவால் வந்தது. நல்ல வேளையாக எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உட்புறம் ஏற்கெனவே வெற்றிடமாக இருப்பதால் இந்த ஒரு தொல்லை தானாகத் தீர்ந்துவிடுகிறது.

வழக்கமான கருவிகள் இரண்டு வகை. முதலாவது ஆற்றல் பிரிப்பு வகை. அதில் ஃபோட்டான் ஒரு சிலிக்கன் உணர்வியில் விழுந்து எலக்ட்ரான்-துளை இணைகளை உண்டாக்கும். ஓர் இணைக்குச் சராசரியாக 3.7 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும்; இணைகளை எண்ணினால் ஃபோட்டானின் ஆற்றல் தெரியும். 6,000 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் சுமார் 1,600 இணைகளைத் தரும். 54 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானோ பதினைந்துக்குக் கீழேதான் தரும்; அது மின்னணுச் சுற்றின் இரைச்சலில் கரைந்துபோகும். இந்த வகையின் பிரிதிறன், அதாவது அது பிரித்தறியக் கூடிய மிகச் சிறிய ஆற்றல் வேறுபாடு, 5,900 எலக்ட்ரான் வோல்ட் அருகில் சுமார் 130 எலக்ட்ரான் வோல்ட். மென் கதிர்களுக்கு அது குறைந்தாலும் சில பத்து எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. அலுமினியப் பட்டையின் மொத்த அகலமே 12 எலக்ட்ரான் வோல்ட் என்பதை நினைத்துப் பார்த்தால், தடித்த தூரிகையைக் கொண்டு நுண்ணெழுத்தைப் படியெடுக்க முயல்வதைப் போன்றது இது. போதாக்குறைக்கு, பழைய உணர்விகளின் முன்னால் பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்டிருந்த பெரிலியம் தகடு ஏறத்தாழ 1,000 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழான கதிர்களைப் பெரும்பாலும் உறிஞ்சிவிட்டது.

இரண்டாவது, அலைநீளப் பிரிப்பு வகை. அதில் படிகம் ஒன்று பிராக் விதிப்படி ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் எதிரொளிக்கிறது. பிரிதிறன் முதல் வகையை விட நன்றாக இருக்கும். ஆனால் படிகத் தளங்களுக்கு இடையிலான தொலைவின் இரு மடங்குக்கு மேற்பட்ட அலைநீளத்தைப் பிராக் விதி அனுமதிப்பதில்லை. லித்தியம் ஃபுளோரைடு படிகத்தில் அந்த இரு மடங்கு 0.4 நானோமீட்டர்தான். நீண்ட அலைகளுக்கென்று பயன்படும் தாலியம் படிகத்தில்கூட அது 2.6 நானோமீட்டருக்கு மேல் போவதில்லை. 23 நானோமீட்டர் அலைக்கு இயற்கைப் படிகம் எதுவும் பொருந்தாது. உலோகப் படலங்களைச் செயற்கையாக அடுக்கிப் பெரிய இடைவெளி உண்டாக்கலாம். ஆனால் அந்த அடுக்குகளில் பிரிதிறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

மிஞ்சுவது கீற்றணி. கண்ணாடி போன்ற மழமழப்பான பரப்பில், ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய கோடுகள் கீறி, அதில் பட்டுச் சிதறும் ஒளியை விளிம்பு விளைவால் நிறம் பிரிக்கும் அதே பழைய கருவி. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அதை நேரடியாகப் பயன்படுத்தலாம். மென் எக்ஸ்-கதிரை நேராக விழவிட்டால் எதிரொளிக்காமல் உள்ளே புகுந்து மறைந்துவிடும். இங்கே ஒரு நுட்பம் கைகொடுக்கிறது. பெரும்பாலான பொருள்களில் எக்ஸ்-கதிர்களுக்கு ஒளிவிலகல் எண் ஒன்றை விடச் சிறிதளவு குறைவு. ஆகவே பரப்பை உரசிச் செல்வதைப் போல மிகச் சாய்வாக விழும் கதிர் உள்ளே புகாமல் முழுமையாக வெளியே திரும்பிவிடும். நீருக்குள்ளிருந்து வரும் ஒளிக்கு நிகழும் முழு அக எதிரொளிப்பின் தலைகீழ் வடிவம் இது. எனவே கீற்றணியைக் கதிருக்கு ஏறக்குறைய இணையாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

அடுத்த தொல்லை, குவியம். சம இடைவெளியில் கோடுகள் உள்ள குழிந்த கீற்றணி, பிரிந்த நிறங்களை ஒரு வட்டத்தின் மீது குவிக்கும். தட்டையான உணர்விச் சில்லை அந்த வட்டத்தோடு பொருத்த முடியாது. பொருத்தினாலும் ஓரங்கள் மங்கும். கோடுகளின் இடைவெளியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சிறிது சிறிதாக மாற்றிக் கீறினால், குவியும் இடங்கள் ஏறத்தாழ ஒரே தளத்தில் வந்து அமைந்துவிடுகின்றன. அங்கே குளிரூட்டப்பட்ட ஒரு சி.சி.டி. சில்லை (ஒளிப்படக் கருவிகளில் இருப்பதைப் போன்ற படப்பதிவு உணர்வி) வைத்தால், 50 முதல் 170 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான முழு நிறமாலையும் ஒரே நேரத்தில் பதிவாகிவிடும். படிகத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு அலைநீளமாகத் தேட வேண்டியதில்லை. கருவியில் நகரும் உறுப்பே இல்லை. இந்த மாறிடைவெளிக் கீற்றணிதான், என் கணிப்பில், இந்தத் துறையின் உண்மையான திருப்புமுனை. உணர்விச் சில்லுகளின் வளர்ச்சியைப் பலரும் முதன்மையாகச் சொல்வார்கள். ஆனால் தளத்தில் குவியாத நிறமாலைக்கு எவ்வளவு நல்ல சில்லும் உதவாது.

ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் மசாமி தெராவுச்சியின் குழு இத்தகைய நிறமாலைக் கருவியை முதலில், மெல்லிய மாதிரியைக் கற்றை ஊடுருவிச் செல்லும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைத்தது. பின்னர் அங்குள்ள அணுசக்தி ஆய்வு முகமையும், ஷிமாட்சு, ஜியோல் நிறுவனங்களும் சேர்ந்த கூட்டு முயற்சியில், கற்றையால் மாதிரியின் பரப்பை வரி வரியாகத் துழாவும் வரிக்கண்ணோட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பொருத்தும் வடிவம் உருவாகி, 2010-களில் விற்பனைக்கும் வந்தது. அதன் பிரிதிறனைச் சுட்ட அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் முன்பு சொன்ன அலுமினியத்தின் செங்குத்துப் பாறைதான்: 73 எலக்ட்ரான் வோல்ட் அருகே 0.3 எலக்ட்ரான் வோல்ட்.

ஒரு பழைய வழக்கு: டைட்டானியம் நைட்ரைடு

பொன்னிறமாகப் பளபளக்கும் டைட்டானியம் நைட்ரைடு, வெட்டும் கருவிகளின் மேற்பூச்சாகப் பயன்படுகிறது. அதில் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று எக்ஸ்-கதிரால் அளக்க முயன்றவர்கள் நெடுங்காலம் ஒரு சங்கடத்தில் இருந்தார்கள். நைட்ரஜனின் கே கதிர் சுமார் 392 எலக்ட்ரான் வோல்ட். டைட்டானியத்தின் எல் வரிகளில் ஒன்று சுமார் 395 எலக்ட்ரான் வோல்ட். வேறுபாடு வெறும் மூன்று. ஆற்றல் பிரிப்புக் கருவியில் இரண்டும் ஒரே குவியல். செயற்கை அடுக்குப் படிகத்திலும் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். டைட்டானியத்தின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு மீதத்தை நைட்ரஜன் என்று கொள்வதே வழக்கமாக இருந்தது.

கீற்றணிக் கருவியில் இவ்விரண்டும் தனித்தனி முகடுகளாக நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அவை 392-லும் 395-லும் தோன்றாமல், 70 முதல் 210 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான எல்லையைப் பார்க்கும் கீற்றணியில் 196-லும் 197.6-லும் தோன்றும். கீற்றணி எந்தக் கதிரையும் முதல் வரிசையில் மட்டுமல்லாமல் இரண்டாம், மூன்றாம் வரிசைகளிலும் விலக்கும். இரண்டாம் வரிசையில் ஒரு கதிர் தன் ஆற்றலில் பாதி உள்ள கதிரைப் போல, அதே இடத்தில் போய் விழும். இதனால் அலைநீள வேறுபாடுகள் இரு மடங்காக விரிவதால் பிரித்தறிவதும் எளிதாகிறது. எனவே உயர் வரிசைகள் வெறும் தொல்லை அல்ல. தெரிந்து பயன்படுத்துபவருக்கு அவை கூடுதல் சாளரம்.

லித்தியம்

ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் ஒரே ஒரு கூடுதான். மேலிருந்து இறங்கி வர எலக்ட்ரான் இல்லாததால் அவை இந்த முறைக்கு என்றும் பிடிபடுவதில்லை. அட்டவணையில் மூன்றாவதாக நிற்கும் லித்தியத்துக்கு இரண்டாவது கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான் உண்டு. மின்கல ஆய்வாளர்கள் இக்கருவியின் மீது இவ்வளவு ஆர்வம் காட்டக் காரணம் அந்த ஒற்றை எலக்ட்ரான்தான். லித்தியம்-அயனி மின்கலத்தை மின்னேற்றும்போது லித்தியம் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கிறது. மின்முனையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்து, 54 எலக்ட்ரான் வோல்ட் அருகில் வரும் உமிழ்வைப் புள்ளி புள்ளியாகப் பதிவு செய்தால், எந்தத் துகளில் லித்தியம் நிறைய ஏறியிருக்கிறது, எந்தத் துகள் ஏறாமல் கிடக்கிறது என்ற வரைபடமே கிடைத்துவிடும். மாதிரியைக் காற்றுப் படாமல் கொண்டுபோவது தனிப் பாடு.

ஆனால் 'லித்தியத்தைக் காட்டும் கருவி' என்று மட்டும் கேள்விப்பட்டு வருபவர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஆக்சைடுகளிலும் ஃபுளோரைடுகளிலும் லித்தியம் தன் ஒற்றை எலக்ட்ரானைப் பக்கத்து அணுவிடம் பெருமளவு ஒப்படைத்துவிட்டு அயனியாக நிற்கிறது. கே காலியிடத்தை நிரப்ப அருகில் எலக்ட்ரான் குறைவு. ஆகவே உமிழ்வு மிக மங்கலாகிவிடும். லித்தியம் நிறைய இருந்தும் முகடு ஏறக்குறைய இல்லாமல் போகலாம். பிணைப்பை உணரும் முறை என்பதால் வரும் விளைவுதான் இது: முகட்டின் உயரம் அணுக்களின் எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது என்று கொண்டு அளவிட முனைந்தால் தவறான விடையே வரும்.

மங்கிய ஒளியும் கரிப் படிவும்

உள்கூட்டில் ஏற்படும் காலியிடங்கள் எல்லாம் எக்ஸ்-கதிரைத் தருவதில்லை. மற்றொரு வழியில், வெளியேற வேண்டிய ஆற்றல் இன்னோர் எலக்ட்ரானிடம் ஒப்படைக்கப்பட்டு அந்த எலக்ட்ரான் தூக்கி எறியப்படும். அதை ஓஷே எலக்ட்ரான் என்பார்கள். இலேசான தனிமங்களில் பெரும்பான்மை இந்த வழியில்தான் போகிறது. கார்பனில் ஆயிரம் கே காலியிடங்களுக்கு மூன்றளவில்தான் எக்ஸ்-கதிர் ஃபோட்டான்கள் பிறக்கின்றன. லித்தியத்தில் அது இன்னும் வெகுவாகக் குறைவு. பிறந்தவற்றில் மாதிரியை விட்டு வெளியே வருபவை, மேற்பரப்பிலிருந்து சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் ஆழத்துக்குள் தோன்றியவையே. வெளிவந்தவற்றிலும் கீற்றணியை எட்டுபவை ஒரு சிறு கோணத்துக்குள் அடங்குபவை மட்டும்.

இந்த மங்கலை ஈடுகட்ட, படம் எடுப்பதற்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் உள்ள கற்றையை, நிமிடக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. உலோகங்களும் குறைக்கடத்திகளும் இதைத் தாங்கும். பாலிமர்களும் பல லித்தியம் சேர்மங்களும் கற்றையின் கீழ் உருமாறிவிடக் கூடும். அப்போது கிடைக்கும் நிறமாலை, கற்றை சிதைத்த பொருளுக்கு உரியதே தவிர நாம் வைத்த பொருளுக்கு உரியதன்று. முடுக்கு மின்னழுத்தத்தைச் சில ஆயிரம் வோல்ட்டுக்குக் குறைத்தால், ஆழத்தில் வீணாகும் ஆற்றல் குறைந்து, மேற்பரப்பை ஒட்டிய பகுதியே அதிகம் தூண்டப்படும். ஆகவே பெரும்பாலோர் அவ்வாறே செய்கிறார்கள்.

நீண்ட நேரம் கற்றை ஒரே இடத்தில் நிற்பதால் வரும் இன்னொரு தொல்லை கரிப் படிவு. வெற்றிடத்தில் எஞ்சியிருக்கும் கரிமச் சேர்மங்களும், மாதிரியின் மேலிருக்கும் விரல் எண்ணெய் போன்றவையும் கற்றை படும் இடத்தில் சிதைந்து மெல்லிய கார்பன் படலமாகப் படிகின்றன. ஆழமாகப் பார்க்கும் வழக்கமான கருவிக்கு இது பொருட்டே இல்லை. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் இக்கருவிக்கு அது மாதிரியையே மறைக்கும் திரை. அதோடு நிற்காமல், கார்பன் வேடமும் போடும். அதன் 277 எலக்ட்ரான் வோல்ட் கதிர் மூன்றாம் வரிசையில் 277-ஐ மூன்றால் வகுத்த 92.3 எலக்ட்ரான் வோல்ட்டில் வந்து விழும். சிலிக்கனின் எல் உமிழ்வு இருக்கும் அதே இடம். ஐந்தாம் வரிசை, மிக மங்கலாக இருந்தாலும், 55.4-இல், லித்தியத்துக்குப் பக்கத்து வீட்டில்.

எனவே சிலிக்கன் இருக்க வாய்ப்பில்லாத ஒரு மாதிரியில் 92 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு மேடு தென்பட்டால், உடனே புதிய பிணைப்பு என்று முடிவுகட்டாமல், கண்ணை 138.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு நகர்த்த வேண்டும். கார்பனின் இரண்டாம் வரிசை அங்கேதான் இருக்கும். அங்கேயும் மேடு இருந்தால், அதே புள்ளியில் இன்னும் ஐந்து நிமிடம் கற்றையை நிறுத்தி மீண்டும் பதிவு செய்து பார்க்கலாம். இரண்டு மேடுகளும் ஒன்றாக வளர்ந்திருந்தால், பார்த்துக்கொண்டிருந்தது கற்றையே படியவைத்த கரி.